ஒன்பதாம் நம்பர் யார், மச்சான்?

ஏழாம் கட்டைத் தோட்டம்,
புக்கிட் செலம்பாவ் வழி, கெடா.
11.9.1984, செவ்வாய்

பெருமதிப்புக்குரிய மச்சான் ஜூலியஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அந்தோணிதாஸ் அன்போடு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் அக்னஸும் பிள்ளை கேதரினும் இங்கே உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். அலோர் ஸ்டாரில் நீங்களும் ஜெனவீவ் அக்காவும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறோம். உடம்புக்கு என்று எழுதினேனே தவிர மனசுக்கு என்று எழுதவில்லை. அரசாங்க ஆபீசில் இருபது வருஷமாகப் பிறர் எழுதியதை வரி வரியாகப் பார்க்கிறவர் நீங்கள், இதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால் உங்கள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். குப்பைத் தொட்டி வேண்டாம். குப்பை அள்ளுகிறவன் யாருக்கு வேண்டியவன் என்று நமக்குத் தெரியாது.

விஷயம் பேப்பர் டீம். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் எட்டுத் தோட்டங்களுக்கும் நிஜமாகவே பந்து ஆடுகிற அணி இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆட்டம். போன வருஷம் மழைக்காலத்தில் திடலெல்லாம் முழங்கால் தண்ணீரில் கிடந்தபோது, பஷீர் பாய் சாப்பாட்டுக் கடையில், எந்தத் தோட்டத்து ஆள் நல்ல ஆள் என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை முற்றி, ஆளுக்கொரு டீம் எழுதிப் பார்த்துவிடுவோம் என்று வந்து நின்றது. எட்டுத் தோட்டத்து ஆட்டக்காரர்களில் எனக்குப் பிடித்த பதினொரு பேரை நான் ஒரு சீட்டில் எழுதுவேன், ஒரே தோட்டத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது, சீட்டை உறையில் போட்டு வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பாய் கடைப் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். மறுநாள் என் ஆள் நிஜத் திடலில் கோல் போட்டால் எனக்கு மூன்று பாயிண்டு, என் கோல்கீப்பர் கோலே விடாமல் நின்றால் இரண்டு, என் ஆள் நடுவரைத் திட்டிவிட்டு வெளியே போனால் மூன்று போச்சு. ஆட்டம் முடிந்ததும் டின்னைத் திறந்து பாய் கூட்டிச் சொல்வார். கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும் மச்சான், ஆனால் நிஜ அணியை நடத்துகிறவனுக்குக்கூட இந்த வேதனை கிடையாது. அவனுக்கு ஒரு ஆட்டம், ஒரு கவலை. எனக்கு ஒரே சாயங்காலத்தில் நாலு திடலில் கவலை. போன மாதம் எங்கள் தோட்டமும் சிடாம் கிரித் தோட்டமும் மோதின. எங்கள் சென்டர் பார்வர்ட் அய்யாவு என் சீட்டில் இருக்கிறான், சிடாம் கிரி கோல்கீப்பர் முகம்மதுவும் என் சீட்டில் இருக்கிறான். அய்யாவு பந்தை உருட்டிக்கொண்டு முகம்மதுவை நோக்கி ஓடும்போது நான் யாருக்காக ஜெபம் செய்வது? இரண்டு பக்கமும் துடித்து, கடைசியில் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனதும், எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் தலையில் கைவைத்து நிற்க, நான் மட்டும் தனியாகக் கைதட்டினேன். அன்றிலிருந்து இங்கே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

இதில் பணம் கிடையாது. பணம் வைத்தால் சூது, என் கடைக்குள் வராது என்று பாய் முதல் நாளே சொல்லிவிட்டார், நம் சாமியாரும் அதையே சொன்னார். ஆகவே பரிசு வேறு. தீபாவளிக்கு முந்திய வெள்ளியன்று எட்டுத் தோட்டமும் சேர்ந்த அணி அலோர் ஸ்டாருக்கு வந்து உங்கள் குமாஸ்தாக்கள் அணியோடு ஆடுகிறதல்லவா, அந்த அணிக்கு மேனேஜராக வந்து நாற்காலியில் உட்காரப்போகிறவர் பேப்பர் டீமில் முதலாவது வருகிறவர். மச்சான், நான் இந்தத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு டிரெஸராக வந்து பன்னிரண்டு வருஷம். பன்னிரண்டு வருஷமும் கோட்டுக்கு வெளியே புல்லில் ஐஸ் வாளியோடு குந்தியிருக்கிறேன். எவனாவது விழுந்தால் விசில் கேட்டு ஓட வேண்டும், காலைத் தேய்த்துவிட்டு முதுகைக் குனிந்துகொண்டு திரும்பி ஓடிவர வேண்டும். நிமிர்ந்து வந்தால், மறைக்காதே என்று பின்னால் கத்துவார்கள். ஒரே ஒரு ஆட்டமாவது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வேறு ஒருத்தன் ஓடுவதை நான் பார்க்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போதைக்கு எனக்கு வேறு ஆசையே இல்லை.

அதைக் கெடுக்க வந்தவன்தான் ஒன்பதாம் நம்பர். சீட்டில் பெயர் போட்டால் சண்டை வருகிறது, ஆகவே பெயர் வேண்டாம், ஆளுக்கொரு நம்பர் போதும், நம்பர் யாருடையது என்பது பாய் ஒருவருக்கே தெரிய வேண்டும் என்று விதி எழுதியது யார்? நானேதான். இருபத்திரண்டு விதிகளும் நான் எழுதியவை, ஃபுல்ஸ்கேப் தாளில் இரண்டு பக்கம். ஒன்றிலிருந்து எட்டு வரை யார் யார் என்று ஒரே மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. நான் ஏழு. இந்த ஒன்பது மட்டும் மூச்சுவிடவில்லை. ஜெயித்துவிட்டு ஒருத்தன் சும்மா இருக்கிறான் என்றால் அவன் எவ்வளவு அழுத்தக்காரனாக இருக்க வேண்டும்! இன்றைக்கு ஒன்பது நூற்றுத் தொண்ணூற்றொன்றில் நிற்கிறான், நான் நூற்றெண்பத்தேழு. வருகிற வெள்ளியோடு எல்லாம் முடிந்துவிடும்.

என் முதல் சந்தேகம் பஷீர் பாய் மேல். அவர் டின்னை வைத்திருக்கும் இடம் தேத்தண்ணிப் பாய்லருக்குப் பக்கத்தில். ஆவி பட்டால் உறையின் கோந்து தானாக விட்டுக்கொள்ளும். ஆகவே நான் உறையை ஒட்டி, அதன் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி, அதன் மேல் ஊதா மருந்தால் கையெழுத்தும் போட்டுக் கொண்டுபோனேன்.

“என்னா டிரெஸர், கடிதாசிக்கு ஆப்பரேசனா?” என்றார் பாய்.

“மொதல்ல டின்ன பாய்லர் கிட்டேருந்து தள்ளி வைங்க பாய்.”

“இது பிஸ்கட் டின்னு லா, பேங்க் பெட்டி இல்ல.”

“சரி, ஒம்போது யாரு? அத மட்டும் சொல்லுங்க.”

“நம்பர் யாருதுன்னு பாய் வாயத் தொறக்கப்படாதுன்னு பதினாலாவது விதி இருக்கு. எழுதுனது யாரு? நீங்கதான லா.”

உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் சம்சியா அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பெண்களின் ரவிக்கை அளவுகளையெல்லாம் அக்னஸ் எழுதி உறையில் போட்டு வியாழனுக்கு வியாழன் என்னிடம்தான் கொடுத்தனுப்புகிறாள், நானும் என் உறையைப் போடுகிற கையோடு அதையும் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். இவ்வளவு ஒத்தாசை செய்கிறவனைப் பார்த்து ஒருவர் ஏன் சிரிக்க வேண்டும்? கணவன் மனைவி இருவரும் ஏதோ மறைக்கிறார்கள்.

அடுத்தது கென்னத் வாத்தியார், நாலாம் நம்பர். ஒருத்தன் இரண்டு நம்பர் வாங்கக் கூடாது என்று விதி எழுத நான் மறந்துவிட்டேன், ஆகவே நம்பர் தெரிந்த ஆளையும் விட்டுவிட முடியாது. புதன்கிழமை ஆனால் போதும், அவருக்குத் தலைவலி வந்துவிடும். வருஷம் முழுக்க ஒரு வியாழனோ திங்களோ அவருக்குத் தலை வலித்தது கிடையாது.

“டிரெஸர் அண்ணே, தல ரொம்ப வலிக்குது லா. ரெண்டு மாத்திர குடுங்க.”

“எந்தப் பக்கம் வலி?”

“ரெண்டு பக்கமும் லா,” என்று சொல்லிக்கொண்டே வாத்தியார் எக்கி எக்கி என் மேசை மேல் இருந்த நோயாளி ரிஜிஸ்டரைப் பார்க்கிறார். யாருக்குக் கால் பிசகியிருக்கிறது, யாருக்கு முட்டி வீங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மறுநாள் சீட்டு எழுதலாம் அல்லவா. நானும் அவருக்கு மேலே யோசித்தேன். ஜூலை மாதத்திலிருந்து எங்கள் ஆட்டக்காரர்கள் யாருக்குக் கால் வலி என்றாலும் ரிஜிஸ்டரில் வயிற்றுப்போக்கு என்று எழுதிவிட்டேன். கணுக்கால் என்றால் வயிற்றுப்போக்கு, முட்டி என்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும், எனக்கு மட்டும் தெரிகிற கணக்கு. கொடுத்த வைத்தியம் என்னவோ ஐஸும் கட்டும்தான். வாத்தியார் மூன்று வாரம் குழம்பிப்போய், அய்யாவுவைச் சீட்டிலிருந்தே எடுத்துவிட்டார். நான் சந்தோஷத்தில் மாதத்துக்கு இரண்டு முறை சுங்கைப் பட்டாணியிலிருந்து வருகிற டாக்டரை மறந்துவிட்டேன். அவர் வந்தார், ரிஜிஸ்டரைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார். ஒரே வாரத்தில் பதினொரு பேருக்கு வயிற்றுப்போக்கு, அதில் நாலு பேருக்கு வாந்தியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜர் துரையின் ஆபீசுக்குப் போய்ப் போன் பண்ணிவிட்டார். மத்தியானத்துக்குள் சுகாதார இலாகா வண்டி இரண்டு வந்து நின்றுவிட்டது. கிணற்றில் மருந்து போட்டார்கள், ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் சுண்ணாம்பு தெளித்தார்கள், பாய் கடை வரைக்கும் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டம் முழுக்கக் காலரா ஊசி. போட்டது யார்? நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. அய்யாவு கையை நீட்டிக்கொண்டு, “அண்ணே, எனக்குக் காலுதான வலிச்சிச்சு, கையில எதுக்கு ஊசி?” என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினேன். வெள்ளிக்கிழமை எங்கள் அணியில் ஏழு பேருக்குக் காய்ச்சல், ஆட்டம் ரத்து, என் சீட்டில் இருந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் மூன்று பேருக்கும் பூஜ்யம். இப்போது முக்கியமானதைக் கேளுங்கள். அந்த வாரம் ஒன்பதாம் நம்பர் சீட்டில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருத்தன்கூட இல்லை! வராத காலரா வரப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சுகாதார இலாகாவில் இருக்க வேண்டும், அல்லது ஆட்களின் கால் வலி அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். கால் வலி எனக்கும் அவரவர் பெண்டாட்டிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆகவே சுகாதார இலாகாவேதான்.

மூன்றாவது, மண்டோர் பரஞ்சோதி, இரண்டாம் நம்பர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, யார் எந்தக் காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட வேண்டும் என்று பிரித்துவிடுகிறவர் அவர்தான். வியாழக்கிழமை என்றால் அய்யாவுக்கு மலைக்காடு கிடைக்கிறது, அவர் சீட்டில் இருக்கிற ஆட்களுக்கு ரோட்டோரத்துச் சமதரை கிடைக்கிறது. கேட்டால், “மரத்துக்கு உங்க பேப்பர் டீம் தெரியுமா டிரெஸர்?” என்கிறார். நான் அய்யாவுக்குத் தெம்பு வர வேண்டுமென்று ஆஸ்பத்திரி மீன் எண்ணெயை அவன் சம்சாரம் இராசாத்தியிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருக்கிறேன். தினமும் விடிந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து விட, அக்னஸ் பிள்ளை பார்க்கிற ஆயாக் கொட்டகைக்கு வருகிறவள்தான், ஆனால் எண்ணெய் குடித்தானா இல்லையா என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

கடைசியில் மூன்று பேரையும் ஒரே கல்லில் அடிக்கப் பொறி வைத்தேன். போன வாரம் கென்னத்திடம், சிடாம் கிரி முகம்மதுவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று சொன்னேன். பரஞ்சோதியிடம், முகம்மது கல்யாணத்துக்குப் பினாங்கு போகிறான் என்றேன். பாயிடம், முகம்மது பந்தையே விட்டுவிட்டான் என்றேன். மூன்றும் பொய். முகம்மது கல்லு மாதிரி இருக்கிறான் என்ற உண்மையை, பின்னால் ஒரு சாட்சி வேண்டுமே என்று, சாப்பிடும்போது அக்னஸிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி, ஐம்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருகிறவளுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரியாது. மூன்று பொய்யும் ஊர் முழுக்கப் பரவி, வெள்ளிக்கிழமை டின்னைத் திறந்தால் எல்லாரும் முகம்மதுவை விட்டுவிட்டார்கள், இரண்டு சீட்டைத் தவிர. ஒன்று என்னுடையது. இன்னொன்று ஒன்பது! இரண்டு தடவை படித்துப் பார்த்தேன் மச்சான். மூன்று பொய்யையும் கேட்டு, மூன்றையும் நம்பாத ஒருத்தன் என்றால், அந்த மூன்று பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஒன்பது என்பது ஒரு ஆளே இல்லை, ஒரு கூட்டம். மனசு தாங்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மூன்று பொய்யையும் சொல்லிவிட்டேன். அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, “அப்ப முகம்மது ஆடுறானா?” என்று கேட்டார். அவரையும் இனி நம்புவதற்கில்லை.

இப்போது உங்களிடம் கேட்கும் உதவிக்கு வருகிறேன். போன வெள்ளி ஒன்பதாம் நம்பர் எழுதிய சீட்டைப் பாய் திரும்பிய நேரத்தில் எடுத்து வந்துவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். ஆயிரம் பேர் கையெழுத்தைப் பார்த்த கண் உங்களுடையது. இது யார் கை என்று கண்டுபிடித்து வெள்ளிக்கு முன் ஒரு தந்தி கொடுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்: எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில், வரி போட்ட மாதிரி நிற்கின்றன, இது ஈரமில்லாத நெஞ்சு. ழகரத்தின் வால் கீழே போய்ச் சுருண்டுகொள்கிறது, இது வஞ்சகம். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை, இவன் வாழ்நாளில் ஒருவேளைகூட உழைத்துச் சாப்பிட்டவனாக இருக்க முடியாது. இந்தக் கையெழுத்தை நான் இதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை என்று மாதா மேல் ஆணையாகச் சொல்வேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நிமிஷம் உங்கள் மேலேயும் சந்தேகப்பட்டேன், எதிரணிச் செயலாளர் அல்லவா. பிறகு உங்கள் பழைய கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஜெனவீவ் அக்காவுக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு என் ஆசீரும் சொல்லவும். உங்களுக்கு நல்ல சுகமும் எனக்கு ஐந்து பாயிண்டும் கிடைக்க நீங்களும் மாதாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் எண்ணெய் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
ச. அந்தோணிதாஸ் (ஏழாம் நம்பர்)

பி.கு.: மூன்றாம் லயத்தில் மருதம்மாளுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து நிற்கிறது. இதை ஒட்டித் தபாலில் போடும்படி அக்னஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இந்தத் தோட்டத்தில் நான் நம்பக்கூடிய ஒரே ஆள் அவள்.

அண்ணே, அக்னஸ் எழுதுகிறேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உறையை ஒட்டப் போனவள் உள்ளே இருந்த சீட்டைப் பார்த்தேன், பிறகு கடிதத்தையும் படித்தேன். சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் நம் வீட்டு மனுஷர் ஒருவருக்காவது தெரியட்டும் என்று தோன்றியது. நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள், வருஷா வருஷம் உங்களுக்கு வருகிற கிறிஸ்துமஸ் கடிதம் இந்தக் கையெழுத்துதானே.

அவர் சாப்பிடும்போது இருபத்திரண்டு விதியையும் எனக்குப் படித்துக் காட்டினார். பெண்கள் ஆடக்கூடாது என்று அதில் ஒரு விதியும் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சம்சியா அக்காவிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டுப் பாயிடம் நம்பர் வாங்கிக் கொடுத்தார். ரவிக்கை அளவு என்று நான் கொடுத்தனுப்பியதெல்லாம் என் சீட்டுதான். காலையில் பிள்ளைகளை விட வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிடுவார்கள், எவன் காலை இழுத்து இழுத்து நடக்கிறான், எவனுக்குத் தூக்கமில்லை, எவன் பெண்டாட்டியோடு பேச்சில்லை என்று. அக்கம்பக்கத் தோட்டங்களிலும் அவர்களுக்கு அக்கா தங்கச்சி உண்டு. மீன் எண்ணெயை இராசாத்தி கோழிக்கு ஊற்றுகிறாள். காலரா வாரத்தில் எனக்கு ஒரு ஜோசியமும் தெரியாது, பதினொரு பேருக்கும் கால் வலி என்று தெரியும், அவ்வளவுதான். ஊசியை நானும் போட்டுக்கொண்டேன், மூன்று நாள் கை வலித்தது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் அண்ணே. மளிகைச் சாமானையும் நான் வாயால்தான் சொல்கிறேன், கிறிஸ்துமஸ் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடும்போதும் மேலே என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. என் கையெழுத்து அவருக்குத் தெரியாது. ஈரமில்லாத நெஞ்சு என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன்.

விட்டுக்கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். முகம்மதுவையும் கோல் போடுகிற ஆட்களையும் எடுத்துவிட்டு வேறு ஆட்களைப் போட்டால் போதும், அவர் ஜெயித்துவிடுவார். அந்த நாற்காலி மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் அவர் திடலில், நான் வீட்டில். இந்த ஒரு வருஷம்தான் வெள்ளி எப்போது வரும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். விடமாட்டேன் அண்ணே. சீட்டு எழுதிவிட்டேன், நாளை மறுநாள் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

தந்தி எதுவும் கொடுக்க வேண்டாம். நான் ஜெயித்தால், அலோர் ஸ்டார் ஆட்டத்துக்கு நோட்டீஸ் அச்சடிக்கிறவர் நீங்கள்தானே, மேனேஜர் என்கிற இடத்தில் திருமதி அந்தோணிதாஸ் என்று போட்டுவிடாதீர்கள். அக்னஸ் என்று போடுங்கள், பெரிய எழுத்தில். அச்சில் வந்தால் அவர் ஒரு எழுத்து விடாமல் படிப்பார்.